கட்டி முடியாத வீடும் ஒரு வரமும்

இது பேயில்லை, பேயென்றால் கோபமாவது வரும் என்று நினைத்தாள் நிலானி. வாவிக்கரையில் உப்புநீருக்குள் வேர்விட்டு நின்ற கண்ணா மரத்தில் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைப் பிராணி கண்ணே சிமிட்டவில்லை.

“கட்டாரில் வேலை செய்யும் உன் தாயை இன்றே வீட்டுக்குக் கொண்டுவருவேன். பதிலுக்கு, முன்பு சில பெண்பிள்ளைகள் செய்ததுபோல், வாவிக்குள்ளிருந்து எழும் நிழல்களோடு நீ சண்டையிட வேண்டும்” என்றது.

“என்னகா, ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறாய்?” என்று சிரித்தாள். ஆனால் அம்மாவின் குரலைப் போனில் மட்டும் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது. “முந்திச் சண்டை பிடிச்ச பிள்ளையள் எங்க?”

“இறந்துவிட்டார்கள். ஒருத்திக்கும் கல்யாண வயது வரவில்லை.”

அது எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டுமென்று அதற்குத் தோன்றவுமில்லை.

நிலானி திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வீட்டு வளவுக்குள் கூரையில்லாமல் நின்றது அவளுக்கென்று கட்டும் கல்வீடு. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிவைத்துத்தான் இங்கே கல்யாணம் பேசுவார்கள். அம்மா வெளிநாடு போனதும் அதற்காகத்தான். அம்மாவைப் பிரித்த சுவர்கள் என்று இதுவரை அவற்றை வெறுத்திருந்தாள்.

“நான் செத்தா அம்மா ஆருக்கு இந்த வீட்டக் கட்டுவா?”

“நீ இல்லாவிட்டாலும் சுவர் நிற்கும். வீட்டுக்கு நட்டமில்லை.”

இந்தப் பிராணிக்கு எதைச் சொன்னாலும் விளங்காது என்று தெரிந்தது அவளுக்கு.

“எனக்கு வேணாம். அம்மா வேலை முடிச்சே வரட்டும்” என்றாள் மெதுவாக.