செவலையின் இடது காது

செவலைக் குதிரை உதைத்து அவள் கணவனின் தொடையெலும்பு முறிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவன் கட்டிலில் கிடந்து கூரையைத் திட்டினான். கொழுந்தன் லாயத்தில் வாளிகளை எட்டி உதைத்தான். அவள் இருவர் முன்னாலும் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மரக்கிடங்குக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய சவாரிப் பள்ளி அது. பழகிய குதிரைகளின் மேல் பிள்ளைகள் சவாரி கற்றுக்கொண்டார்கள். செவலை புதிதாக வந்த இளம் பெண்குதிரை. வாளி உருண்டால் மிரளும். தன் நிழலே சுவரில் அசைந்தாலும் மிரளும். அதைப் பழக்கும் பொறுப்பு, இடுப்பில் எப்போதும் கயிறு கோர்த்த குச்சியோடு திரியும் கொழுந்தனுடையது.

"அண்ணி, நாளைக்கு வண்டி வருது. செவலையை ஏத்தி விட்டுடறேன்."

"எங்க?"

"கறிக்குத்தான். ஆளை உதைச்ச குதிரையை வேற யாரு வாங்குவா?"

அவளுக்கும் அந்தக் குதிரை மேல் கொள்ளை ஆத்திரம் இருந்தது. ஆனால் கொழுந்தன் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தது அதைவிட எரிந்தது.

"வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க. அதை நான் பழக்கிக்கறேன்."

கொழுந்தன் சிரித்தான். "குதிரை கீழ தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிக்கணுமா? வீட்ல இருக்கறது ஒரே கட்டில் அண்ணி. அண்ணன் பக்கத்துல உங்களையும் படுக்க வைக்க இடமில்ல."

அந்தச் சிரிப்புக்காகவே அவள் மறுநாள் வந்த வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பிவிட்டு லாயத்துக்குள் போனாள்.

செவலை பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு காதுகளை மடக்கியது. "வாடா கண்ணு, வாம்மா" என்று தேனொழுகக் கூப்பிட்டபடி அவள் கையை நீட்டினாள். சட்டைக் கையை ஒட்டிப் பற்கள் படாரென்று மூடின. "சனியனே!" என்று பின்வாங்கினாள். மனுஷனை வார்த்தையால் ஏய்த்துவிடலாம். குதிரை கேட்பது மூச்சை. அவள் வாய் கொஞ்சியபோது தாடை இறுகியிருந்ததை அது கண்டுகொண்டது.

அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. கதவுக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, செவலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அறுந்த வார்களைத் தைத்தாள். தைக்கும்போது மனசுக்குள் கொழுந்தனைத் தாளித்தாள். அப்போதெல்லாம் பின்னால் குளம்பு தரையைப் பிராண்டியது. ஒருநாள் திட்டுவதற்குப் புதிதாக எதுவும் மிச்சமில்லாமல் அலுத்துப்போய், நீளமாக ஒரு மூச்சு விட்டாள். சற்று நேரத்தில் பிடரியில் வெதுவெதுப்பான காற்று பட்டது. அவள் திரும்பவில்லை. ஊசி மட்டும் கையில் அப்படியே நின்றது.

பிறகு உள்ளே போனாள். நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று, தோளில் புறங்கையை வைப்பாள். தோல் சிலிர்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுவாள். தோள் பழகியதும் கழுத்து, முதுகு, வயிறு, கால்கள். லாயத்துக்கு வெளியே அவள் அதே சிடுமூஞ்சிதான். உள்ளே நுழையும்போது மட்டும் கோபத்தைச் செருப்போடு கழற்றி விட்டுவிட்டு வந்தாள்.

இடது காதை மட்டும் செவலை கொடுக்கவே இல்லை. கை அந்தப் பக்கம் உயர்ந்தாலே தலையை வெட்டி இழுத்துக்கொள்ளும். அவளும் விட்டுவிட்டு மறுபடி கழுத்திலிருந்து தொடங்குவாள். ஒரு பிற்பகல் அது தலையை இழுக்கவில்லை. அவள் விரல்கள் மயிருக்கடியில் காதின் அடியைத் தொட்டன. சுற்றிலும் தடித்துக் காய்த்த தழும்பு. நடுவில் ஆறாத பொருக்கு. கயிறு போட்டு முறுக்கிய காது. அந்தக் கயிறு கோர்த்த குச்சி யாருடைய இடுப்பில் எப்போதும் தொங்கும் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நேரே கட்டிலுக்குப் போனாள். "அன்னிக்கு அது ஏன் உதைச்சுது?"

கணவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினான். "அவன் காதை முறுக்கிட்டு நின்னான். நான் சேணத்தை இறுக்கிட்டிருந்தேன். விடுடான்னேன். இன்னும் முறுக்கினான்."

"தெரிஞ்சேதான் கறிக்கு அனுப்ப விட்டீங்களா?"

"குதிரையை அனுப்பலாம். தம்பியை எங்கடி அனுப்பறது?"

அவள் லாயத்துக்குப் போய், செவலையைக் கயிற்றில் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிவந்தாள். அதைப் பார்த்த கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. கடிவாளத்தோடு விறுவிறுவென்று வந்தான்.

"அட, பூனையாட்டம் வருதே! நகருங்க, நான் ஏறிப் பாக்கறேன்."

அவன் கை காதை நோக்கி உயர்ந்ததும் செவலையின் உடம்பெல்லாம் நடுங்கியது. அது உதைக்கவில்லை. பின்வாங்கிச் சுற்றிவந்து அவள் முதுகுக்குப் பின்னால் தலையைப் புதைத்துக்கொண்டது. அந்த நடுக்கம் அவள் முதுகெலும்பில் இறங்கியது. அவள் எட்டி அவன் இடுப்பிலிருந்த குச்சியைப் பிடுங்கிச் சாணக்குழியில் எறிந்தாள்.

"உங்க அண்ணன் காலை உடைச்சது நீங்க. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்."

கொழுந்தன் அண்ணனின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"ஒரு மிருகத்துக்காகச் சொந்தத்தை அறுத்துக்கறீங்க அண்ணி."

"சொந்தம் மிருகமா இருந்தா வேற என்ன பண்றது?"

அவன் பள்ளியின் பாதிக் குதிரைகளோடும் சவாரி கற்ற பாதிப் பிள்ளைகளோடும் பிரிந்து போனான். தெருவில் எதிர்ப்பட்டால் அவளைப் பார்த்துக் காறித் துப்பினான். கணவன் ஊன்றுகோலோடு எழுந்து நடமாடிய பிறகும், "என் தம்பியைத் துரத்தினவ" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். அவளும் மறுக்கவில்லை.

ஒருநாள் காலை அவள் கடிவாளத்தில் கன்னத்தோரம் ஓடும் பக்கவாரை முழுக்கக் கழற்றி, காது மடங்காமல் மாட்டினாள். செவலை தானாகத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. கம்பிவேலியோரம் நின்றிருந்த கணவன் ஓரடி எடுத்து வைத்தான். உடனே செவலை காதை மடக்கிக்கொண்டது.

"என்னைப் பாத்து எதுக்கு மிரளுது? நான் அடிச்சதே இல்லையே."

"பக்கத்துல நின்னீங்கல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் குதிரையை அவனைத் தாண்டி வெளியே நடத்திப் போனாள்.