ஒருநாளுக்குத் தனிக் கோச்

எங்கள் கிளப்புக்கு ஒருநாள் ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு கோச் வந்தது 2003இல். இந்திய அணிக்கு ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஒருவர், ஒருநாள் ஆட்டத்துக்கு ஒருவர் என இரண்டு கோச் வேண்டுமா என்று யாரோ பேப்பரில் எழுதியிருந்தார்கள். அதை எங்கள் தலைவர் ராமதாஸ் படித்துவிட்டார். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தவர். "அவங்க யோசிச்சிக்கினே இருக்கட்டும். நாம செஞ்சிடலாம்" என்றார்.

யோசனை முட்டாள்தனமானது அல்ல. நான் அந்த அணியின் விக்கெட் கீப்பர். பிழைப்புக்கு மோட்டார் காயில் கட்டுகிறேன். எதையும் பிரித்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இதையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஆடுவது பாய் விக்கெட். கெட்டியாக்கிய மண்மேல் தேங்காய்நார்ப் பாயை இழுத்து ஆணி அடித்து விரிப்போம். புதுப் பந்து அதில் பட்டால் நெஞ்சுக்கு எழும்பும். ஆனால் அதே நார்தான் பந்தின் தோலைத் தேய்க்கவும் செய்யும். இருபது ஓவர் போனால் பளபளப்பு போய்விடும், பிறகு அது மாங்காய் மாதிரி மெதுவாக வரும். ஆகவே இரண்டு நாள் ஆட்டத்தில் முதலில் இறங்குபவனின் வேலை ரன் எடுப்பதல்ல, பந்தைப் பழசாக்குவது. தொடாமல் விடுகிற ஒவ்வொரு பந்தும் பின்னால் வருபவனுக்கு அவன் செய்கிற உபகாரம்.

ஒருநாள் ஆட்டத்தில் கணக்கு தலைகீழ். முதல் பதினைந்து ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர்தான் நிற்கலாம். தலைக்குமேல் தூக்கி அடித்தால் நாலு. அந்த நேரத்தில் பந்தை விட்டுக்கொண்டிருப்பவன் அணியின் சொத்தைத் தின்கிறான். ஒரே இடம், ஒரே மட்டை, நேரெதிரான இரண்டு வேலை. இரண்டு பேர் சொல்லிக்கொடுத்தால் என்ன தப்பு?

பழைய கோச் அப்பாதுரை சார், ரிட்டயர் ஆன விளையாட்டு ஆசிரியர். புதியவர் வேலூரிலிருந்து வந்த இளவரசன், முப்பத்தைந்து வயது, கறுப்புக் கண்ணாடி. இருவரையும் உட்காரவைத்து ராமதாஸ் பேசிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

"நாள் மேட்ச்சு இவருது. ரெண்டு நாள் மேட்ச்சு உங்களுது. பேட்டிங் ஆர்டர் போடறது அந்தந்த கோச் வேலை. ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடக் கூடாது."

அப்பாதுரை சார் துண்டை உதறித் தோளில் போட்டார். "ரொம்ப சந்தோஷம். ஒருநாள் மேட்ச்சுல நான் வாயே தெறக்க மாட்டேன். போதுமா?"

"சார், கோவிச்சிக்காதீங்க" என்றார் இளவரசன்.

"கோவம் இன்னா? பாரம் கம்மியாச்சு."

இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நஷ்டம் குமரேசனுக்கு.

குமரேசன் கீழ்பென்னாத்தூர்க்காரன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். முதல் பஸ் பிடித்துப் பிராக்டீஸுக்கு வருவான். பந்தைத் தொடாமல் விடுவதில் அவனைப்போல் ஒருவனை நான் பார்த்ததில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் அது தெரியும்: மட்டையை உயர்த்தி, முழங்கையை உள்ளே இழுத்து, கடைசி வரை பந்தைப் பார்த்து என் கைக்கு அனுப்பிவைப்பான். அப்பாதுரை சார் ஆறு வருஷம் சேர்த்து வளர்த்த திறமை அது. இளவரசன் வந்தபின் ஒருநாள் அணியில் அவனுக்கு இடமில்லை. "தம்பி நல்லா நிக்கிறாரு. ஆனா நிக்கறதுக்கு நம்மகிட்ட டைம் இல்லியே" என்றார்.

அந்த ஆண்டு சென்னைக் கம்பெனி ஒன்று தன் அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. எடுத்தால் வேலை நிரந்தரம். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். குமரேசனுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. ஆரணி அணியோடு நாங்கள் ஆடும் இரண்டு நாள் ஆட்டத்தைப் பார்க்க கம்பெனி ஆள் பரசுராமன் வருவதாக ஏற்பாடு. அப்பாதுரை சார்தான் போன்மேல் போன் போட்டு அதை முடித்தார்.

ஆட்டம் சனி, ஞாயிறு. காலண்டரில் பௌர்ணமி வெள்ளிக்கிழமை. எங்கள் மைதானம் பௌர்ணமிக் கிரிவலத்துக்குத் தற்காலிக பஸ் நிலையம் ஆகிவிடும், அது வழக்கம். சனி காலைக்குள் வண்டிகள் கிளம்பிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். காலண்டரில் நிலா படம் இருந்த கட்டத்தைத்தான் பார்த்தோம், திதி எப்போது முடிகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அது சனி மதியம் வரை இருந்தது. கூட்டம் சனிக்கிழமையும் மலையைச் சுற்றியது. மாலை வரை மைதானத்தில் பஸ் நகரவில்லை.

நடுவர்கள் வேறு வழியில்லாமல் சொன்னார்கள்: ஒரு நாள் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை ஐம்பது ஓவர் ஆட்டமாக ஆடிவிடுங்கள்.

கொடுத்த பட்டியல் கொடுத்ததுதான், அதனால் பதினோரு பேரில் குமரேசன் இருந்தான். கேள்வி ஒன்றே ஒன்று: ஆர்டர் போடுவது யார்? அட்டவணைப்படி இது அப்பாதுரை சாரின் ஆட்டம். ஆடப்போவது இளவரசனின் ஆட்டம்.

ஞாயிறு காலை இளவரசன் ஆர்டரைப் படித்தார். குமரேசன் ஏழாவது. நானும் குமரேசனும் அப்பாதுரை சாரிடம் போனோம். புங்கமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான் குமரேசன். "கம்பெனிக்காரரு உக்காந்திருக்காரு பாருங்க, நான் ஓப்பனிங் எறங்குவேன்னு."

"இது நாள் மேட்ச்சு."

"ரெண்டு நாள் மேட்ச்சு சார். பஸ்ஸு நின்னதாலதான…" என்றேன் நான்.

"அத தலைவரு வந்து எங்கிட்ட சொல்லட்டும். அவரு முன்னாடிதான நான் வாக்கு குடுத்தேன்."

ராமதாஸுக்குப் போன் போட்டோம். லாட்ஜில் ரூம் காலி செய்கிற நேரம். "இதுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவீங்க? கோச்சுங்க பேசி முடிச்சிக்கட்டும்பா" என்று வைத்துவிட்டார்.

இளவரசனிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார், அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். "எனக்கும் புரியுது தம்பி. சார் வந்து கேட்டா மாத்திடறேன். நானா மாத்துனா, தோத்தா பழி யார்மேல?"

திரும்பவும் புங்கமரம். "அவரு கேட்டா மாத்தறாராம் சார்."

அப்பாதுரை சார் பேப்பரை மடித்தார். ஒரு நொடி எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். "நான் போய் அவங்கிட்ட கேக்கணுமா?" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. மறுபடி பேப்பரைப் பிரித்தார்.

ஆரணி 188 எடுத்தது. மதியம் நாங்கள் இறங்கினோம். கேப்டன் எழில் திட்டப்படி வட்டத்துக்குமேல் தூக்கித் தூக்கி அடித்தான். இளவரசனின் கணக்கு துல்லியமாக ஓடியது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குமரேசன் காலில் பேடு கட்டி உட்கார்ந்திருந்தான். நான் ஆறாவது. நான் அவுட் ஆனபோது ஐந்து ஓவரில் முப்பத்தொரு ரன் வேண்டும். சரி, இப்போதாவது அவனுக்கு முறை வந்ததே என்று நினைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். கோட்டருகே என்னைக் கடந்து போனது குமரேசன் இல்லை, கருப்பன். எங்கள் வேகப்பந்துக்காரன், கண்ணை மூடிச் சுற்றுகிறவன்.

குமரேசன் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தான். "உக்காருப்பா, மறைக்குது" என்றார் பின்னாலிருந்து யாரோ.

கருப்பன் மூன்று சிக்ஸர் அடித்தான். ஐந்து விக்கெட்டில் ஜெயித்தோம்.

பரசுராமன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். "சார், யாரையாச்சும் எடுக்கறீங்களா?"

"நல்ல மேட்ச்சுதான். ஆனா நாங்க ஆடற லீக் மூணு நாள் ஆட்டம். அடிக்கிறவன் எங்கிட்ட ஜாஸ்தி இருக்கான். நிக்கறவன்தான் வேணும். ஒருத்தன் இருக்கான்னு உங்க பழைய கோச் சொன்னாரே, அவன் எறங்கவே இல்லியே?"

"இங்கதான் சார் இருக்கான். நெட்ல கொஞ்சம் பாருங்களேன்."

"வலையில பாத்து வேல குடுக்க முடியுமா? அடுத்த வருஷம் சொல்லுங்க." சென்னைப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ராமதாஸ் பிரியாணி வரவழைத்திருந்தார். இளவரசன் தோளில் கைபோட்டு, "பாத்தீங்களா? தனிக் கோச் வேணும்னு நான் அப்பவே சொல்லல?" என்று எல்லோரிடமும் கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். என்னாலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஜெயித்திருந்தோமே.

குமரேசன் சாப்பிட வரவில்லை. அப்பாதுரை சார் இலையை விட்டு எழுந்து அவனிடம் போனார். நான் அருகில்தான் இருந்தேன்.

"பாத்தியாடா, உன்ன இன்னா பண்ணிட்டானுங்கன்னு. நாளைக்கே தலைவர்கிட்ட பேசறேன்."

"நாளைக்குப் பேசுவீங்களா சார்?"

"பின்ன? இன்னிக்கு நாள் மேட்ச்சு. நான் வாக்கு குடுத்திருந்தேன்."

குமரேசன் பேடுகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "நீங்க வாக்கக் காப்பாத்திட்டீங்க சார். போய் சாப்புடுங்க, ஆறிடும்" என்றான்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு போய்ச் சாப்பிட்டார்.

குமரேசன் கிட் பையை என்னிடம் கொடுத்து, கிளப் சாமான், ரூமில் வைத்துவிடுங்கள் என்றான். நாளைக் காலை பிராக்டீஸுக்கு வருவாயா என்று நான் கேட்டேன்.

"எந்த கோச்சுகிட்டண்ணா?" என்றான். ரோட்டைத் தாண்டி, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினான்.