இருபத்தேழு அங்குலத் திரை

காளியம்மாவின் மரண அறிவிப்பு கைப்பேசிக்கு வந்து சேர்ந்தபோது, தம்புசாமி அதே அறிவிப்பைத் தயாரிப்பதற்காகத் தம் பழைய கணினியை முடுக்கிவிட்டு, அது விழித்தெழக் காத்திருந்தார். தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், பெம்பானில் தமிழர் வீடுகளில் யார் இறந்தாலும் அறிவிப்பு அவர் கையால்தான் வரும். காசு வாங்கமாட்டார். மூத்த மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு குடும்பத்தின் வரிசையும் கேளாமலே அவருக்குத் தெரியும். துக்க வீட்டார் படத்தை எடுத்துக்கொண்டு முதலில் வருவது அவர் வாசலுக்குத்தான்.

வந்திருந்த அறிவிப்பைச் செய்தவள் வாணி. மெர்லிமாவிலிருந்து அடுத்த வரிசைக்குக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். படத்தின் கீழே குத்துவிளக்கின் சுடர் உண்மையாகவே அசைந்தது. தம்புசாமி மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்று முறை பிழை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவரை மிகவும் உறுத்தியது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கு அந்தப் பிள்ள," என்றாள் அவர் மனைவி சுசீலா, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"வெளக்கு ஆடுது. எழவு வீடா, ராட்டினம் சுத்துற ஃபன்ஃபேரா?"

துக்க வீட்டில் வாணியே அவரிடம் வந்து பேசினாள். "புது கம்ப்யூட்டர் அங்கிள். ஸ்கிரீன் இருபத்து நாலு இஞ்ச். எழுத்தெல்லாம் பெருசா தெரியுது. ஒருநாள் வந்து பாருங்களேன்." அது அழைப்புத்தான் என்பது அவருக்குப் புரிந்தது. ஆயினும் இருபத்து நான்கு என்னும் எண் மட்டுமே செவியில் தங்கிற்று.

மறுவாரமே புக்கிட் பெருவாங்கில் ஒரு கணினிக் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரன் தாரிக், "எதுக்கு அங்கிள், கேமா, வீட்டு வேலையா?" என்று கேட்டான்.

"போட்டோ வேலை. ரெண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டுக்குள்ள வேணும்," என்றார், சற்றுத் தயங்கி.

"அப்ப இத எடுங்க. ஸ்கிரீன் சின்னதுதான், ஆனா மெமரி பதினாறு. உங்க ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குள்ள அழகா வரும்."

"இருபத்தேழு இஞ்ச் இல்லையா?"

"இருக்கு லா. ஆனா அந்தக் காசுக்கு மெமரிய எட்டாக் கொறைக்கணும். பெரிய படம் தெறந்தா ஜேம் ஆகி அப்படியே நின்னுடும். டிவி பாக்கவா வாங்குறீங்க?"

"ஸ்கிரீன் வாசல்ல இருந்து தெரியணும்."

தாரிக் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு ரசீதை எழுதினான்.

கூடத்தில், வாசலைப் பார்த்தவாறு கணினி அமர்ந்தது. ஒரு வாரம் சென்றது; மூன்று வாரம் சென்றது. ஒருவரும் இறக்கவில்லை. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் தம்புசாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்.

"என்னங்க, யாரும் சாகலன்னு கவலையா இருக்கோ?" என்றாள் சுசீலா. அவர் அவள்மீது எரிந்து விழுந்தார். பின்னர் அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காவது வாரம் காளிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தம்புசாமிக்கு நாற்பதாண்டு நண்பர். "டாக்டர் ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறாரு மாமா," என்று காளிமுத்துவின் மகன் மருத்துவமனையிலிருந்து அழைத்து விம்மினான். தம்புசாமியும் மெய்யாகவே அழுதார். கண்களைத் துடைத்துக்கொண்டபோது, காளிமுத்து வீட்டிலிருந்து இரண்டே வீடு தள்ளித்தான் வாணி இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

அன்றே கணினியைத் திறந்தார். ஒரு திருமணப் படத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த காளிமுத்துவைத் தனியே வெட்டி எடுத்தார். பெயர், பிள்ளைகள், பேரர்கள் எல்லாம் வரிசையாக அமைந்தன. இரு புறமும் வாணியுடையதைவிட உயரமான விளக்குகள், ஆடும் சுடர்கள். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். நண்பனின் நிலையை விசாரிக்க மீண்டும் தொலைபேசியை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. தம் குரலில் எது ஒலித்துவிடுமோ என்று அஞ்சினார். நான்கு நாள்கள் சுடரின் நிறத்தை மட்டும் திருத்திக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் முற்பகல், வாசலில் கார் வந்து நின்றது.

"தம்பு! புதுப் பொட்டி வாங்கி வச்சிருக்கியாம், ஒரு வார்த்த சொல்லலியேடா!"

மகனின் தோளைப் பற்றியவாறு காளிமுத்து இறங்கிக்கொண்டிருந்தார். புறங்கையில் மருத்துவமனைப் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. "வீட்டுக்குப் போனா கஞ்சிதான் ஊத்துவா. உங்கிட்ட ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போலாம்னு நேரா வந்துட்டேன்."

தம்புசாமி மூடும் குறியை அழுத்தினார். அம்புக்குறி ஒரு சிறு வட்டமாகிச் சுழன்றது. மீண்டும் அழுத்தினார். விசைகள் அனைத்தையும் அழுத்தினார். ஆடிக்கொண்டிருந்த சுடர்கள் அப்படியே உறைந்து நின்றன. நடுவே காளிமுத்து சிரித்தார்.

"கண்ணாடி போடாம வந்துட்டேன். இங்கேருந்து ஏதோ பளபளன்னு தெரியுது. கிட்ட வந்து பாக்குறேன் இரு."

தம்புசாமி எழுந்து திரைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். கைகளையும் விரித்துக்கொண்டார். திரை அவர் தோள்களைவிட அகலமாக இருந்தது. இடப்புறம் ஒரு விளக்கும் வலப்புறம் ஒரு விளக்கும் அவரைத் தாண்டி எரிந்தன. காளிமுத்து வாசற்படியில் சுவரைப் பிடித்துக் குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதற்குக் காலை உயர்த்தினார்.