அணைச்சிட்டு வரேன்

பழைய ஆயில் கொண்டுவரும் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவர் ஒரு கேனை மட்டும் மற்ற கேன்களோடு வைக்காமல், கையிலேயே பிடித்தபடி வாசலில் நின்றார்.

"அக்கா, இது உங்க வண்டியோடது."

அண்ணி ரம்பத்துக்குக் கீழே மரத்தூளை வாரிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பழைய இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி இன்ஜினைக் கழட்டினேன். உள்ள இருந்த ஆயில். கீழ கொட்ட மனசு வரல. வேணாம்னா சொல்லுங்க, எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஆயில்ல என்ன, எங்க வண்டி உங்க வண்டின்னு? டிரம்ல ஊத்துங்க" என்றாள் அண்ணி.

அவர் ஊற்றினார். நான் கேனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற ஆயிலைப் போலவே கறுப்பு. மற்ற ஆயிலைப் போலவே நாற்றம்.

எங்களுடையது மரம் அறுக்கும் பட்டறை. ஒரு டீசல் இன்ஜின், ஒரு பெல்ட், ஒரு வட்ட ரம்பம். இன்ஜினைப் பழைய ஆயிலில் ஓட்டப் பழக்கியது அண்ணன். டிரம்மில் தெளியவிட்டு, அடியில் தங்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு, தடித்த துணியில் வடிகட்டி, கொஞ்சம் டீசல் கலப்போம். புகைக்குழாயைச் சுற்றிவரும் செம்புக்குழாயில் அது சூடாகி இன்ஜினுக்குள் போகும். ஆனால் கிளப்புவது டீசலில்தான். நிறுத்தும் முன்பும் டீசலுக்கு மாற்றிவிட வேண்டும். "சாப்பிடறதுக்கு முன்னாடியும் கை கழுவணும், பின்னாடியும் கழுவணும்" என்பான் அண்ணன்.

சாயங்காலம் இன்ஜினை நிறுத்துவது அவன் வேலை. வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, "அணைச்சிட்டு வரேன்" என்று குரல் கொடுப்பான்.

"யாரை?" என்று உள்ளிருந்து அண்ணி கேட்பாள்.

தினமும் இதே கூத்து. நான் காது கேட்காதவள் போலப் புத்தகத்தைத் திருப்புவேன்.

அண்ணன் ஓட்டிப்போன வண்டி ஒரு வளைவில் மரத்தில் மோதியது. ஸ்டியரிங் நெஞ்சை அழுத்திக்கொண்டது. பெரிய அடி ஒன்றுமில்லை, மூச்சு முட்டித்தான் போயிருக்கிறார் என்றார் டாக்டர். அதை அண்ணியின் எதிரில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் எதையும் அணைப்பதில்லை. அண்ணி இன்ஜினை நிறுத்தினாள். அடுப்பைக் குறைத்தாள். விளக்கை ஆஃப் பண்ணினாள்.

வண்டியிலிருந்து வந்த அந்த ஆயில் இன்ஜினுக்குள் போகத் தொடங்கியதும் அவள் ரம்பத்தை விட்டு இன்ஜின் பக்கம் அடிக்கடி வந்தாள்.

"சத்தம் மாறியிருக்கு, கேட்டியா?"

"அப்படியேதான் இருக்கு அண்ணி."

"இல்ல. உங்கண்ணன் தொண்டையைச் செருமுவாரே, அந்த மாதிரி."

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் மூக்கில் கரி கட்டினால் அப்படிச் சத்தம் வரும். படித்தவள்தான் நான், தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்துவது நின்றுபோனது. அறுக்க மரமில்லாத நேரத்திலும் ஓடியது. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். டிரம்மில் ஆயில் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் பார்வை இன்ஜின் மேலும் டிரம் மேலும் மாறி மாறிப் போனது.

காலையில் அளவுக்குச்சியை உருவிப் பார்ப்பது என் வேலை. இன்ஜினின் வயிற்றில் இருக்கும் ஆயில் ஓட ஓடக் குறையும், ஊற்ற வேண்டிவரும். இப்போது குச்சியில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது.

"அண்ணி, இது கூடியிருக்கு."

"கூடினா நல்லதுதானே? ஊத்துற வேலை மிச்சம்."

"நாம ஊத்தவே இல்லையே. எப்படிக் கூடும்?"

அவள் குச்சியை வாங்கிப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். "உங்கண்ணன் ஊத்தறாரு போல. அவருக்கு எல்லாம் தளும்பத் தளும்ப இருக்கணும்."

குச்சியைத் துடைத்து உள்ளே செருகிவிட்டாள்.

டிரம் காலியான அன்று சாயங்காலம் ஸ்பானர் புது கேன்களோடு வந்திருந்தார். வெளிச்சம் இருந்தது. ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் மரத்தூள் பறந்தது. அண்ணி குழாய்த் திருகை டீசலுக்கு மாற்றினாள். கொஞ்சம் பொறுத்து அதையும் மூடினாள்.

இன்ஜின் இறங்கியது. நிற்கப்போகிறது என்று நினைத்தபோது ஒரு செருமல். பிறகு ஏறியது.

டீசல் இல்லை, ஆயில் இல்லை. ஆனால் ஏறிக்கொண்டே போனது. தரை அதிர்ந்தது. ரம்பம் ஊளையிட்டது. வெளியே வெள்ளைப் புகை மண்டியது.

"வெளிய வாங்க! சக்கரம் தெறிச்சா ஆள் மிஞ்சாது!" என்று ஸ்பானர் வாசலில் இருந்து கத்தினார்.

அண்ணி நகரவில்லை. அவள் முகத்தில் பயமே இல்லை. "போக மாட்டேங்கறாரு" என்றாள்.

இன்ஜின் தன் வயிற்று ஆயிலைத் தானே உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. காற்று நின்றால்தான் நிற்கும். அதற்கென்று அண்ணன் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி இன்ஜினுக்கு மேலே தொங்கவிட்டிருந்தான். நான் ஓடிப்போய் அதை எடுத்தேன். காற்றுக்குழாயின் வாய்க்குக் கொண்டுபோகும் முன் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடைக்காதே."

"அண்ணி, வெடிச்சிடும்!"

"மூச்சு முட்டும்டி அவருக்கு!"

அவள் பிடி விடவில்லை. நான் இழுத்தேன், முடியவில்லை. பெல்ட் அவள் தோளுக்குப் பக்கத்தில் அலைந்து துடித்தது. எனக்கு எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் நான் சத்தமாகப் பேசியதே கிடையாது.

"அண்ணி! அணைச்சிட்டு வாங்க!"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணனால முடியலல்ல? நீங்க அணைச்சிட்டு வாங்க."

அவள் உதடு அசைந்தது. சத்தத்தில் கேட்கவில்லை. யாரை, என்றிருக்கலாம்.

பலகையை என் கையிலிருந்து வாங்கினாள். சக்கரம் இல்லாத பக்கமாகப் போய், காற்றுக்குழாயின் வாயில் பலகையை வைத்து, அதன் மேல் நெஞ்சைக் கொடுத்துச் சாய்ந்தாள். இரண்டு கையையும் இன்ஜினைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். இன்ஜின் பலகையை உள்ளே இழுத்தது. அவளையும் சேர்த்து இழுப்பது போலிருந்தது. ஒரு முறை திணறியது. இன்னொரு முறை. அவள் கன்னத்தை அதன் மேல் வைத்து என்னவோ சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

நின்றது.

ரம்பம் மட்டும் சத்தம் குறைந்து குறைந்து ஓய்ந்தது.

"அணைச்சிட்டேன்" என்றாள் அண்ணி. ஆனால் கையை எடுக்கவில்லை. உள்ளங்கை சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்தேன்.

மறுநாள் ஸ்பானர் இன்ஜினின் வயிற்றைத் திறந்துவிட்டார். கேன் நிறைந்தது. இன்னொரு கேன் வைத்தார்.

"இது இவ்வளவு கொள்ளவே கொள்ளாதே. எங்கேருந்து வந்துச்சு?"

எரியாத ஆயில் பிஸ்டனின் ஓரம் வழியாகக் கசிந்து இறங்கியிருக்கும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அண்ணி கைக்கட்டோடு வாசலில் நின்றிருந்தாள். சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, எதற்கோ காத்திருப்பவள் போல.

"இதை என்ன பண்றது அக்கா? கொட்டிடவா?" என்றார் ஸ்பானர்.

அவள் திரும்பாமலே சொன்னாள்:

"டிரம்ல ஊத்துங்க."