நாற்சந்தியில் கொட்டிய சக்கை

லுவான் சிங்ஃபூவின் கல்லீரலைக் காப்பாற்ற டாக்டர் லெய் சொன்ன விலை, நாளொன்றுக்கு இருபது ஃபென், ஒரு யுவானில் ஐந்தில் ஒரு பங்கு. போசோ மூலிகைச் சந்தையில் அந்தக் காசுக்கு மூட்டை கட்டும் சணலில் ஒரு முழம்கூடக் கிடைக்காது.

நோயைச் சொன்னபோது லுவான் கலங்கவில்லை. ரத்தத்தில் பி வகைக் காமாலைக் கிருமி, நாற்பதுக்குள் இருக்க வேண்டிய ஈரல் நொதி அளவு நூற்று எண்பது, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா அடுக்கியதையெல்லாம், சரக்கில் குறை சொல்லும் ஆளிடம் நிற்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மாத்திரையின் விலையைக் கேட்டதும்தான் முகம் சுண்டிப்போனது.

“ஏம்மா, இதைவிட ஒசத்தியா வேற இல்லையா?”

“இதுவே ஒசத்திதான். அரசாங்கம் மொத்தமா பேரம் பேசி வாங்குது, அதான் இறங்கிடுச்சு. முன்னாடி ஒரு மாத்திரை பத்து யுவானுக்கு மேல.”

“அப்ப அந்தப் பத்து யுவானுக்கே குடுங்க.”

டாக்டர் லெய் பேனாவைக் கீழே வைத்தார். “அண்ணே, விலையை ஏத்திவிட்டுப் பேரம் பேசுற மொத ஆளு நீங்கதான்.”

“அம்பத்து நாலு வருஷமா நிக்காம ஓடுற ஈரல்மா இது! பத்து யுவான் சரக்கு இருபது ஃபென்னுக்கு வருதுன்னா, ஒண்ணு மழையில நனைஞ்சிருக்கணும், இல்ல பூச்சி அரிச்சிருக்கணும்.”

முப்பது வருஷம் மூலிகை விற்றவர் அவர். மலிவான சரக்கை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார். மருந்துச் சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். கூட வந்த மனைவி ஷியூலானுக்கு ரத்தம் சுத்தம் என்று வந்ததும், அவளுக்குத் தடுப்பூசி போடச் சொன்னதும் மட்டும் அவருக்கு ஆறுதல்.

ஈரலுக்கு மருந்தா அவரிடம் பஞ்சம்? மூன்றாவது சந்தில் அவர் கடை விற்பதே ஈரல் சரக்கு. காமாலைக்கென்று ஊரே வாங்கும் யின்சென் தழையைத் தம் கிடங்கிலிருந்தே, மேல் மூட்டையிலிருந்தே எடுத்தார். கஷாயம் கொதித்தது. குடித்தார். அதுவரை எல்லாம் சுகம். சிக்கல் சக்கையில் வந்தது.

“ஏங்க, சக்கையை நாற்சந்தியில கொட்டிட்டு வாங்க. நாலு பேரு மிதிச்சாத்தான் நோய் போகும்” என்றாள் ஷியூலான்.

“குப்பையில போட்டா என்ன?”

“நோய் குப்பையோட வீட்டுலயே கெடக்கும். கொட்டலன்னா நாளைக்கு அடுப்பு பத்தாது, சொல்லிட்டேன்.”

வேறு ஊரில் கொட்டினால் அது வெறும் சக்கை. போசோவில் அது தினசரிப் பேப்பர். இங்கே பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வருகிறவன், வாயில் நுரையோடு குனிந்து பார்த்து, எந்த வீட்டில் யாருக்கு வாயுத் தொல்லை, எவன் மாமியாருக்கு மூட்டு வலி என்று சொல்லிவிடுவான். யின்சென் சக்கையைப் பார்த்தால் ஈரல் என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் லுவானுக்குத் தெரியும். சந்தில் எட்டு வியாபாரிகள் மத்தியானம் ஒரே பானை ஆட்டுக்கறிச் சூப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே பானையில் உணவுக் குச்சி விட்டுச் சாப்பிடுவார்கள். வருஷத்தின் பாதி வியாபாரம் அந்த ஆவியில்தான் முடியும். ஏழெட்டு வருஷத்துக்கு முன் இஞ்சிக் கடை ஷௌவுக்கு ஈரலில் கோளாறு என்று வாசனை அடித்தது. மறுநாள் அவன் கையில் தனிக் கிண்ணம். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கிண்ணத்தை நீட்டினார்கள், அவ்வளவுதான். வருஷம் முடிவதற்குள் கடைக்குப் பூட்டு.

அந்தத் தனிக் கிண்ணம் தம் கைக்கு வந்துவிடக் கூடாது. அதனால் கலப்படம் செய்ய முடிவெடுத்தார். தொழிலில் ஒருநாளும் செய்யாத கலப்படம்!

யின்சென்னோடு துஜோங் பட்டையைச் சேர்த்தார். அது கரு தங்குவதற்குக் கொடுப்பது. சக்கையைப் பார்ப்பவர்களின் கவனம் ஷியூலான் பக்கம் திரும்பட்டும் என்று கணக்கு. திரும்பியது. மூன்றாம் நாள், பானையைச் சுற்றி உட்காரும் எட்டுப் பேரில் ஒருத்தியான பூக்கடை வெய் அக்கா ஒரு கூடை முட்டையோடு வந்து, ஐம்பத்திரண்டு வயது ஷியூலானின் கையைப் பிடித்துக்கொண்டு, “கூச்சப்படாத, சாமி குடுக்குறப்ப வாங்கிக்கணும்” என்றாள். ஷியூலான் முட்டையை வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி லுவான் கூடத்தில் படுத்தார்.

அந்த வதந்தியை அணைக்க ஹேஷோவூ கிழங்கைச் சேர்த்தார். நரை கறுப்பதற்கென்று கிழவர்கள் குடிப்பது. கொதிக்காத கிழங்கைச் சக்கையில் தூவினால் போசோவில் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் என்பதால் தனியாக வேக வைத்தார். வெந்த சாறு கறுகறுவென்று தளதளத்தது. கிலோ எண்பது யுவான் சரக்கு. அதைச் சாக்கடையில் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. குடித்தார்.

ஐந்து வாரம் கழித்து அவர் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனது. ஷியூலான் அவரைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

“அறுநூத்து நாப்பது” என்றார் டாக்டர் லெய். இந்த முறை சிரிக்கவில்லை. “என்னண்ணே குடிச்சீங்க? ஒளிக்காம சொல்லுங்க.”

லுவான் சொன்னார். டாக்டர் லெய் அவரை எதிர் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே சீன வைத்தியர் மெங் இருந்தார். பட்டியலைக் கையில் வாங்கி ஒரு தரம் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“யாருக்கு இது? காமாலை வந்த கர்ப்பிணி, அவளுக்குத் தலையும் நரைச்சிருக்கு. பொம்பளைய வெளியிலயா உக்கார வெச்சிருக்கீங்க? உள்ள கூப்பிடுங்க.”

“நான்தாங்க” என்றார் லுவான்.

வைத்தியர் மெங் சிரித்ததில் மேசையிலிருந்த தேநீர் சிந்தியது. பிறகு குரலை இறக்கினார். “யின்சென்ன நான் கொறை சொல்லல. சோர்வு, பசியின்மை, அதுக்கெல்லாம் நானும் எழுதுறேன். ஆனா கிருமியைக் கட்டிப்போடுறதுக்கு எதிர் ரூம் மாத்திரைதான். ஹேஷோவூ இருக்கே, அது சில பேரு ஈரலையே திங்கும். என் சொந்த மச்சான் சாப்பிட்டு மூணு மாசம் படுத்தான். நீங்களோ ஏற்கெனவே எரியுற வீட்டுல எண்ணெய் ஊத்தியிருக்கீங்க.”

“எல்லாக் கஷாயத்தையும் இன்னியோட நிறுத்துங்க” என்றார் டாக்டர் லெய். “மாத்திரை தினம் ஒண்ணு, வெறும் வயித்துல. நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. சாராயம் கிடையாது. அப்புறம், ஒரே பானையில சாப்பிட்டா இது யாருக்கும் ஒட்டாது. ரத்தத்துல போகும், தாய்கிட்டயிருந்து பிள்ளைக்குப் போகும். சூப்புல போகாது.”

லுவான் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

“டாக்டரம்மா, இதுக்குச் சக்கை கிடையாதே!”

“கிடையாது.”

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா பேரமே பேசியிருக்க மாட்டேனே!”

மூன்று வாரத்தில் அளவு இருநூறுக்கு இறங்கியது. லுவான் சந்தில் மிதந்தார். குச்சியை எல்லோருக்கும் முன்னால் பானையில் விட்டார், யின்சென்னுக்குக் கூடுதல் விலை சொல்லி விற்றார், தொண்டை சரியில்லை என்று சாராயத்தைத் தள்ளிவிட்டு அதற்கும் ஒரு பகடி சொன்னார். ஷியூலான்கூடக் கூடத்திலிருந்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு காலை, பக்கத்துக் கடை பாங் தாயூ கண்ணெதிரே நாற்சந்தியில் கொட்டிய சக்கையை அவர் மிதித்தார்.

யின்சென். துஜோங் பட்டை. ஹேஷோவூ. அதே அளவு, அதே வெட்டு.

பாங் மனைவியை இழந்தவன். தலையில் ஒரு மயிர் கிடையாது. கரு தங்கவும் நரை கறுக்கவும் அவன் எதற்கு மருந்து குடிக்கிறான்? லுவானுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. பாங்குக்கும் ஈரலில் கோளாறு. ஈரல் வியாபாரி தனக்கென்று காய்ச்சுவது உயர்ந்த சீட்டாகத்தான் இருக்கும் என்று, சக்கையைப் பொறுக்கிப் பார்த்து, பொய்ச் சரக்கையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறான். இவர் நிறுத்தியதுகூடத் தெரியாமல் குடித்துக்கொண்டேயிருக்கிறான். மத்தியானம் உற்றுப் பார்த்தார். பாங்கின் கண் வெள்ளை, முட்டையின் மஞ்சள் கரு நிறத்தில் இருந்தது.

உண்மையைச் சொன்னால் தனிக் கிண்ணம். எனவே வியாபாரியின் வழியில் முயன்றார்.

“யோவ் பாங், உங்கிட்ட ஹேஷோவூ எவ்வளவு இருக்கு? மொத்தத்தையும் எடுத்துக்கிறேன், கிலோ தொண்ணூறு.”

பாங்கின் மஞ்சள் கண் மின்னியது. “விலை ஏறப்போகுதா?”

“அட, சும்மாதான்யா.”

“நீ சும்மா தொண்ணூறு தருவியா? நீ ஓசியில தும்மக்கூட மாட்டியே! குடுக்க மாட்டேன் போ.”

மறுநாள் பாங்கின் சக்கையில் ஹேஷோவூ இரண்டு மடங்கு இருந்தது. ஏறப்போகிற சரக்கு நல்ல சரக்காகத்தானே இருக்கும்!

அன்று மத்தியானம் பானை கொதித்தது. தராசுக்காரர் க்வோ உட்பட எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். பாங் வெந்நீர்க் குடுவையைத் திறந்தான். உள்ளே கறுப்புச் சாறு. லுவானுக்கு அந்த வாசனை தம் வீட்டு அடுப்பின் வாசனை. பாங் வாயருகே கொண்டுபோனான். லுவானின் கை பானையைத் தாண்டிப் பாய்ந்து குடுவையைத் தட்டிவிட்டது. சாறு மேசையெங்கும் ஓடியது.

“பைத்தியமா உனக்கு?” என்று பாங் கத்தினான்.

“எனக்கு ஈரல்ல கிருமி!” லுவானும் கத்தினார். “அந்தச் சீட்டு பொய்ச் சீட்டுய்யா! யின்சென் மட்டும்தான் எனக்கு. பட்டையும் கிழங்கும் உங்க கண்ணை மறைக்கப் போட்டது. அந்தக் கிழங்குல என் அளவு அறுநூத்து நாப்பதுக்குப் போச்சு. நீ கர்ப்பிணி மருந்து குடிக்கிறடா, மொட்டை! நாளைக்கே வா, ஆஸ்பத்திரிக்கு!”

எட்டு ஜோடிக் குச்சியும் நின்றன. லுவான் தம் குச்சியை மெதுவாகக் கீழே வைத்தார். யாராவது கிண்ணத்தை நீட்டுவார்கள் என்று காத்திருந்தார். “பானையில ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க” என்றார் சன்னமாக.

வெய் அக்கா தொண்டையைச் செருமினாள்.

“கிழங்கு எவ்வளவு நாள் குடிச்சா கெடுதல்?”

“ஏன்?”

“நாலு வாரமாக் குடிக்கிறேன். போன வருஷம் எனக்கும் இதே கிருமின்னு சொல்லிட்டாங்க. நீ ஈரல்காரன், உனக்குத் தெரியாததான்னு நம்பினேன்.”

“அக்கா, நீங்களுமா?” என்றான் கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த மூட்டைக்காரன் சியூ. “நான் தலைமுடிக்காகத்தான் குடிச்சேன். ஈரல் விஷயம் எனக்குத் தெரியாது.”

“நான் துஜோங்குக்காக” என்றான் இன்னொருவன். “என் மருமகளுக்குக் குடுக்கலாம்னு மொதல்ல நானே குடிச்சுப் பாத்தேன்.”

பாங் நனைந்த சட்டையோடு உட்கார்ந்தபடி எல்லோரையும் பார்த்தான், லுவானைப் பார்த்தான். “ரெண்டு மாசமா கர்ப்பிணி மருந்து” என்றான். “அதான் புளிப்பு மாங்காய் கேக்குதா!” அவனுக்கே அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெய் அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். சியூ நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். சிரித்துக்கொண்டே பாங் பானையில் குச்சியை விட்டு, பெரிய துண்டுக் கறியாகத் தேடி எடுத்து, லுவானின் வாய்க்கு நேராக நீட்டினான்.

“தின்னுய்யா, பொய்ச் சீட்டு.”

லுவான் வாயைத் திறந்தார். கறி நாக்கைச் சுட்டது, துப்பவில்லை.

மறுநாள் காலை டாக்டர் லெய்யின் வாசலில் கூட்டம். ஐந்து பேர் குடித்தது ஒரே சீட்டு என்று கேட்டதும் எதிர் அறையிலிருந்து வைத்தியர் மெங் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சாயங்காலம் முடிவுகள் வந்தன. லுவான் தம் சீட்டின் பின்பக்கத்தில் அவற்றை எழுதிக்கொண்டார்.

பானையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எட்டு. வந்தவர்கள் ஏழு. கிருமி உள்ளவர்கள் மூன்று: லுவான், பாங், வெய் அக்கா. ரத்தத்தில் ஏற்கெனவே கிருமிக்கு எதிர்ப்பு உள்ளவர்கள் இரண்டு. முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் இரண்டு. கிழங்கு குடித்தவர்கள் ஐந்து, நிறுத்தியவர்கள் ஐந்து. கறுத்த தலைகள் இல்லை. உண்டான கர்ப்பம் இல்லை. வராதவர் ஒருவர், தராசுக்காரர் க்வோ, சரக்கு எடுக்க வெளியூர் போயிருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். பாக்கி: ஒன்று.