அடுமனையக்காவுக்கான மன்றாட்டு

விடியலில் பெய்த மழை ஓய்ந்து, கூரைகளினின்று நீர் சொட்ட, கற்பாவிய தெருக்கள் இளவெயிலில் பளபளக்க, ஞாயிற்றுக்கிழமை மணியோசை ஊரை அழைத்துக்கொண்டிருந்த பொழுதில், பெரியீர், நம் தையற்காரர் வெளுத்த சட்டையணிந்து, நோயுற்றோர் பெயர்ப்பட்டியைக் கையிற்பிடித்து, ஆலயத்தின் முன்வரிசையில் வீற்றிருந்தார். நோயுற்றோருக்காக மன்றாடும் பணி ஏழாண்டுகளாக அவருடையது. அடடா, அவர் மன்றாடினால் கல்லும் கரையும்!

அப்பட்டியில் நான்கு திங்களாக முதற்பெயர் அடுமனையக்காவினுடையது. ஊருக்கெல்லாம் அப்பம் சுட்டு விற்றவள், இடுப்பின்கீழ் உணர்விழந்து, தனியளாய்ப் படுக்கையிற் கிடந்தாள். அவள் பெயரைச் சொல்லித் தையற்காரர் குரல் தழுதழுக்க, மக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வர். இவ்வளவு உருகுபவர் போய்ப் பாராமலா இருப்பார் என்று அவர்கள் எண்ணினார்கள். இத்தனை பேர் அழுகிறார்களே, நாலு பேராவது போகாமலா இருப்பார்கள் என்று அவர் எண்ணினார். மன்றாடத் தெரிந்தவர்களுக்கே வாய்க்கும் பிழை அது. ஒருவரும் போகவில்லை.

அன்று வழிபாடு முடிந்து, அவர் பாராட்டுகளைப் பணிவோடு ஏற்றுக்கொண்டிருக்கையில், ஆலயத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காத துணி தேய்ப்பவள் ஒருத்தி, முறிந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டவளாய் எதிரே வந்து நின்றாள்.

"அடுமனையக்காவுக்கு ஜெபம் பண்றவரு நீங்கதானே? நான் அவங்க பக்கத்து வீடு. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை இஸ்திரியை இறக்கி வச்சிட்டுப் போய், நான்தான் அவங்களத் திருப்பிப் படுக்க வைப்பேன். நேத்து சாயங்காலம் கை முறிஞ்சிடுச்சு. அப்பப் படுத்தவங்க இன்னும் ஒரே பக்கமா கிடக்குறாங்க. முதுகுப் புண்ணு எலும்பைத் தொட்டுட்டா உயிருக்கே ஆபத்துன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு. வாங்க."

அந்த வீடு அவர் கடைக்குப் பின்தெருவிலேயே இருந்தது. அறுபது அடிகூட இராது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"வந்துட்டியா தம்பி?" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை என் பேரைச் சொல்றியாமே. அதான் அன்னைக்கு மட்டும் கதவைத் தாழ் போட வேணாம்னு சொல்லிடுவேன்."

வேறு போக்கிடமறியாமல், அவர் கைகூப்பிக் கண்மூடினார். "ஆண்டவரே..."

"ஜெபம் அப்புறம் பண்ணிக்கலாம். முதல்ல என்னைத் திருப்பு."

தோளில் கை வைத்தார். முன்பொருகால் அவளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். அளந்தறிந்த அத்தோளில் இன்று பாதிகூட எஞ்சவில்லை என்று கையே சொல்லிற்று. முதுகைக் கண்டதும் அழுதுவிட்டார்.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"அழாம பிடி, தம்பி. அந்தக் கையை இடுப்புக்குக் கீழ குடு. ம்... மெதுவா."

அன்றுதொட்டு, ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, இரண்டு மணிநேரத்துக்கொருமுறை அவர் பின்தெருவுக்கு ஓடினார். அடுத்த ஞாயிறன்று பட்டியை விரித்து முதற்பெயரைப் படித்தவருக்கு, பழகிய சொற்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"போன ஞாயிறு வரைக்கும் நான் ஒருநாளும் அவங்களப் போய்ப் பார்க்கல. நீங்களும் பார்க்கல," என்றார். "இப்ப அவங்களத் திருப்புற நேரம். வர்றவங்க வாங்க."

பட்டியை இருக்கையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பின்னே காலடிகள் கேட்டன. எத்தனையென்று திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அன்பு வாயோடு முடிகிற வேலையன்று என்று இத்துணை பிந்தி அறிந்த அந்நெஞ்சம், அறிந்தமைக்கு மகிழாது, பிந்தியமைக்கே நொந்து நொந்து, கடையைத் தாண்டி, அவ்வறுபது அடியையும் கடந்து சென்றது.