குலுக்கிய கை

மருந்து மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது: "குலுக்காதீர். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவும்." அதை எழுதி ஒட்டியவளே நான்தான். புதிதாக வரும் நர்ஸ்களிடம் தொண்டை வற்றக் கத்துவேன்: "இது பழைய ஊசி மாதிரி இல்லடி. வைரஸை அடையாளம் காட்டுற சேதி உள்ள இருக்கு, அதைச் சுத்திக் கொழுப்பு உறை. குலுக்கினா உறை உடையும், சேதி வீணாப் போகும்."

அன்று குளிர்பெட்டியில் இருந்தது ஒரே ஒரு தடுப்பூசிக் குப்பி. அடுத்தது வரப் பத்து நாள். பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் கையை விரித்துவிட்டார்கள். அதைத் தம்பிக்கென்று வைத்திருந்தேன். அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்க வேண்டும். அதன் பிறகு எந்த ஊசி போட்டாலும் உடம்பு பாடம் படிக்காது. ஊசி உடம்பில் பிடிக்கவே இரண்டு வாரம் ஆகும், அதனால் இன்றுதான் கடைசி நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் தம்பி பெரிய துரை மாதிரி பன்னிரண்டுக்கு வந்தான்.

"எங்கடா தொலைஞ்ச?"

"முடி வெட்டிட்டு வந்தேன்க்கா. ஊசி போடறவங்க அழகா இருப்பாங்கன்னு சொன்னாங்க. வந்து பார்த்தா நீ."

"எல்லாமே விளையாட்டுதான் உனக்கு! ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா?"

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் திட்டிக்கொண்டே இருந்தேன். அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. அட்டையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

"அக்கா, குலுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே..."

பழைய ஊசி மருந்துகளைக் குலுக்கிக் குலுக்கி வந்த இருபத்தாறு வருடப் பழக்கம். குப்பி என் விரல்களுக்கு நடுவே படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே நுரை கட்டிவிட்டது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "அந்த மருந்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா சார்?"

"தள்ளிப்போட்டா கிட்னி தாங்காதும்மா."

"நுரைச்சதைப் போடலாமா?"

"உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"அதையே போட்டுவிடுக்கா. யாரு பார்க்கப் போறா?" என்றான் தம்பி.

"போட்டா, ஊசிதான் போட்டாச்சேன்னு நம்பி நீ ஊரெல்லாம் சுத்துவடா."

மஞ்சள் நிறக் கழிவுத் தொட்டியில் குப்பியைப் போட்டேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

"விடுக்கா. தொட்டில் பழக்கம் சுடு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

சுருட்டிய சட்டைக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அதை இறக்கிவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.